தோல் சுவருக்குள் ஒரு மத்தியானம்

எதுவுமே தெரியாதவனால் பெரிய ஆபத்து இல்லை. அவன் நாலு பேரைக் கேட்டுச் செய்வான். கொஞ்சம் தெரிந்தவன்தான் குடியைக் கெடுப்பான். ஒன்பதாவதோடு நின்று, லாரி, ஓட்டல், தோல் பதனிடும் டேனரி என்று எங்கெங்கோ வேலை பார்த்ததில் எனக்கு எல்லாமே கொஞ்சம் தெரியும்.

வீட்டில் சேர்ந்தாற்போல் சில மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கிளம்பிவிடுவேன். கிடைத்ததைத் தின்று, கிடைத்த இடத்தில் படுத்து, அலுத்ததும் ஆம்பூர் திரும்புவேன். என் மனைவி எஸ்தருக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. குடும்பம் ஓடியது அவளால்தான். (நான் அவ்வப்போது வந்துபோகும் விருந்தாளி.)

ஒருநாள் செல்போனில் அந்த வண்டியைப் பார்த்தேன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற குட்டி அறை. கண்ணீர்த்துளியைப் படுக்கவைத்த வடிவம். உள்ளே இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். இனி அவளையும் கூட்டிக்கொண்டே சுற்றலாமே!

"கண்ணீரா? உன்னோட வர்றதுக்குப் பொருத்தமான வண்டிதான்" என்றாள் எஸ்தர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரே ஒரு வாட்டி வர்றேன். நல்லா இருந்துச்சுன்னா அப்புறமும் வர்றேன். பேஜாரா போச்சுன்னா, வண்டிய வித்துட்டு ஒழுங்கா ஒரே கம்பெனியில வேலைக்கு நிக்கணும். சம்மதமா?" என்றாள்.

சம்மதம் என்றேன்.

இரும்பில் அடிச்சட்டம் பற்றவைத்தேன். மெல்லிய பிளைவுட்டை வளைவாக அறுத்து விலா எலும்பு மாதிரி நிறுத்தினேன். மிச்சம் சுவர்தான். முழுக்கப் பிளைவுட் போட்டால் என் பழைய வேன் மேட்டில் மூச்சு வாங்கும். தகரம் போட்டால் நம் ஊர் வெயிலில் இரண்டு பேரும் தோசையாகிவிடுவோம். அலுமினியம் கைக்கு எட்டவில்லை.

"பிளைவுட்டே போடு. கொஞ்சம் மெதுவா போனா இன்னா?" என்றாள் எஸ்தர்.

நான் ஜாபரிடம் போனேன். பள்ளிக்கூடக் காலத்து தோஸ்த். டேனரிகளில் கழித்துப்போட்ட தோலை வாங்கி விற்பவன். அவன் குடோனில் வெட் புளூ கிடந்தது. பதப்படுத்தி, இன்னும் காயவைக்காத தோல். ஈரமாக, நீலமாக இருக்கும். பார்த்ததும் என் மூளை பளிச்சென்று எரிந்தது.

"சுவருக்குத் தோலா?" ஜாபர் தலையைச் சொறிந்தான். "அரே, காஞ்சா இழுக்கும்டா."

"இழுக்கட்டும். சுருக்கமே இல்லாம நிக்கும். டேனரில நான் இன்னா வேலை பாத்தேன்? ஃபிரேம்ல தோலை இழுத்து மாட்றதுதானே?"

அந்த ஃபிரேம் இரும்பு, என்னுடையது பிளைவுட் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஈரத்தோலை இழுத்து ஆணியடித்தேன். ஜன்னலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அமிர்திக் காட்டுக்குக் கிளம்பினோம். வழியில் அணைக்கட்டு என்ற ஊரில் டீ குடிக்க நிறுத்தியபோது தெருநாய்கள் வந்து வண்டியைச் சுற்றி நின்று, மரியாதையாக மோந்து பார்த்தன.

"உன் சொந்தக்காரங்க" என்றாள் எஸ்தர்.

அமிர்தியில் மரத்தடியெல்லாம் சுற்றுலா வண்டிகள். வெயிலில்தான் இடம் கிடைத்தது. உள்ளே ஏறி, கதவைச் சாத்திப் படுத்தோம். "பரவால்லையே, மெத்தை நல்லாருக்கு" என்றாள். அதைவிட இனிமையான வார்த்தையை நான் கேட்டதில்லை. அப்படியே கண்ணயர்ந்தோம்.

'டக்' என்ற சத்தத்தில் விழித்தேன். தோல் விறைத்து நின்றது. அது இழுத்த இழுப்பில் விலா எலும்புகள் உள்ளே வளைந்து, நிலைச்சட்டம் கோணி, கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. தள்ளினேன், உதைத்தேன். அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை. கூரையில் விட்ட காற்று ஓட்டை வழியாக வானம் மட்டும் தெரிந்தது.

உதவிக்குக் கத்திக்கொண்டே சுவரைத் தட்டினேன். இறுகிய தோல் என் குரலை அமுக்கிக்கொண்டு மேளம் மாதிரி 'தும் தும்' என்று பேசியது. இன்னும் வேகமாகத் தட்டினேன். வெளியே விசில் பறந்தது. சுற்றுலா வந்தவர்கள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். களைத்துப்போய் நிறுத்தினேன். "ஒன்ஸ் மோர்!" என்று ஒரு குரல்.

எஸ்தர் முகமெல்லாம் வியர்வை. பையைத் திறந்து, வீட்டில் வைத்துத் தைக்கும் ஜாப் ஒர்க்குக்காக எப்போதும் வைத்திருக்கும் தோல் கத்தரியை எடுத்தாள்.

"வேணாம் எஸ்தர், சுவர் போய்டும்!"

"சுவர் போனா போவுது. மூச்சு போய்டப் போவுது, தள்ளு."

கத்தரி முனையால் குத்தி, தையல்காரி கையால் நேர்கோடாகக் கிழித்தாள். இறுகிய தோல் பட்டென்று வாயைப் பிளந்தது. தலையை வெளியே நீட்டினாள். கூட்டம் அப்படியே நின்றது, அப்புறம் கைதட்டியது.

அவ்வளவுதான், கம்பெனி கேட்டில் நிற்க வேண்டியதுதான் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். திரும்பினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"கண்ணீர் வண்டின்னு சும்மாவா பேர் வெச்சான்? யோவ், அடுத்த தடவையாவது பிளைவுட் போடு."

அடுத்த தடவை! எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு ஈடாக எதையும் நான் வாங்கியதில்லை.

இப்போது சுவர் பிளைவுட். மேட்டில் மெதுவாகத்தான் போகிறோம். அன்று கிழித்த தோலில் ஒரு துண்டை வெட்டி அவளே ஓரம் தைத்து, ஜன்னலுக்கு மறைப்பாக மாட்டியிருக்கிறாள். சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் கூடும் இடத்தில் "எனக்கு ஒரு யோசனை" என்று நான் வாயைத் திறந்தால் போதும், ஜாபர் முதற்கொண்டு எல்லோரும் மேஜையைத் தும் தும் என்று தட்டி, "ஒன்ஸ் மோர்!" என்பார்கள்.

எஸ்தர் மட்டும் தட்டமாட்டாள். "எப்ப கிளம்பறோம்?" என்று கேட்டுவிட்டு, கத்தரியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள்.