ஏழு பாலமும் ஒரு சம்பந்தியும்

‘பாலம் மூடப்பட்டுள்ளது’ என்ற ஆரஞ்சு நிறப் பலகைக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு வெர்னா அதை முறைத்தாள்.

“ரிப்பேர் பாக்கறாங்க போல,” என்றார் பக்கத்தில் இருந்த அம்மாள்.

“சும்மா பேருக்கு வெச்சிருப்பாங்க, மேடம். இருங்க, பாத்துட்டு வரேன்.”

இறங்கிப் போய் எட்டிப் பார்த்தாள். கூரை இருந்தது. இரண்டு பக்கமும் மரச்சுவர் இருந்தது. தரையைத்தான் காணோம். கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு போனா என்ன, இன்னும் ஆறு இருக்கு. அப்புறம் இதுக்குப் பதிலா ஒண்ணைக் கண்டுபிடிக்கறேன். ஏழுன்னா ஏழு!” என்று திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

அம்மாள் கைப்பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதினார். வெர்னா ஓரக்கண்ணால் எட்டிப் பார்த்தாள்.

மகள் கிரெட்டா பாஸ்டனிலிருந்து போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “அம்மா, நீ அவங்களை இப்பத்தான் முதல் தடவை பாக்கப்போறே. ஆல்டனோட அம்மா மிஸஸ் ஹாலிங்வொர்த்துக்கு லேசுல யாரையும் பிடிக்காது. அவங்களா சொல்றவரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிடாதே, மேடம்னே கூப்பிடு. கல்யாணப் பேச்சை நீயா எடுக்காதே. கூரைப் பாலம்னா அவங்களுக்கு உயிர். நம்ம ஊர்ப் பக்கத்துல இருக்கற ஏழையும் காட்டு, சாப்பாடு வாங்கிக் கொடு, சாயங்காலம் பாஸ்டன் பஸ்ல திருப்பி ஏத்திடு. வேற ஒண்ணும் பண்ணித் தொலைக்காதே.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் வெர்னாவைக் குத்தியது. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள், ஒரு சம்பந்தியைச் சமாளிக்க மாட்டாளா?

ஆரம்பமே சறுக்கல். பால் லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு, பஸ் நிலையத்துக்கு இருபது நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். பச்சைக் கோட்டுப் போட்ட அம்மாள் ஒருவர் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். “பாலத்துக்குத்தானே? எங்கே விட்டுட்டுப் போயிட்டீங்களோன்னு பயந்துட்டேன்,” என்று ஏறி உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதுவே வெர்னாவுக்குச் சந்தேகமாக இருந்தது. உள்ளே வைத்துக்கொண்டு பேசுகிற ரகமோ என்னவோ.

மூடிய பாலத்திலிருந்து திரும்பியதும், நேரத்தைப் பிடிக்கக் குறுக்குவழியில் போகலாம் என்று மலைச்சரிவு மண்பாதையில் வண்டியைத் திருப்பினாள். இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்தன. அம்மாள் “அடடா, அடடா” என்று தலையை வெளியே நீட்டினார். முந்தின நாள் மழையில் ஊறிய பாதையை இருவருமே பார்க்கவில்லை. வளைவில் பின்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கி, அங்கேயே சுற்ற ஆரம்பித்தன.

போனை எடுத்தாள். அந்த மலையில் சிக்னல் ஏது?

“நான் இறங்கித் தள்ளட்டுமா?” என்றார் அம்மாள்.

“ஐயையோ, நீங்களா? வேணவே வேணாம்!”

அதற்குள் அவர் இறங்கிவிட்டார். வெர்னா ஆக்சிலேட்டரை மிதிக்க, சேறு விசிறியடித்துப் பச்சைக் கோட்டு மண்ணிறமானது. வண்டி இன்னும் அரையடி இறங்கியது. அம்மாளின் வலது காலணியைச் சேறு விழுங்கிவிட்டது.

வெர்னா ஓடிவந்து, தன் பூட்ஸைக் கழற்றி அவர் காலில் மாட்டிவிட்டாள். தான் காலுறையோடு நின்றாள்.

“இவ்வளவு கவனிப்பு நான் பாத்ததே இல்லை. போன வருஷம் பென்சில்வேனியாவுல ஒருத்தி கூட்டிட்டுப் போனா. மூணாவது பாலத்துலயே முகத்தைத் தூக்கிட்டா. வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்,” என்றார் அம்மாள்.

வெர்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் ஆல்டனுக்கு இதற்கு முன்பு பென்சில்வேனியாவில் ஒரு பெண் பார்த்திருக்கிறார்களா? அந்தப் பெண்ணின் அம்மாவும் இதே பரீட்சையில் உட்கார்ந்தாளா? மூன்றாவது பாலத்திலேயே தோற்றாளா?

வெர்னா பல்லைக் கடித்தாள். ‘பென்சில்வேனியாக்காரி மூணு. நான் ஏழு.’

சத்தம் கேட்டு ராயல் என்ற பண்ணைக்காரர் டிராக்டரோடு வந்தார். கயிறு கட்டி வண்டியை வெளியே இழுத்தார். ஆனால் எஞ்சின் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

“கராஜுக்கு இழுத்துட்டுப் போகட்டுமாக்கா?”

“வேணாம். பாலத்துக்கு இழுங்க.”

“எந்தப் பாலம்?”

“எல்லாப் பாலமும்.”

ராயல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வெர்னாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறினார்.

இப்படியாக, நூற்றைம்பது வயதுப் பாலங்கள் நான்கை அவர்கள் கயிற்றில் கட்டுண்டு கடந்தார்கள். பின்னால் பதினாறு கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்தன. கூரைப் பாலத்தை மூச்சுப் பிடித்தபடி கடந்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். டிராக்டர் வேகத்தில் அது லேசான காரியமில்லை. ‘கிரெட்டா கல்யாணம், கிரெட்டா கல்யாணம்’ என்று வெர்னா நான்கு தடவையும் மூச்சைப் பிடித்தாள். நான்காவதில் முகம் நீலம் பூத்தது.

“மூச்சு விடுங்கம்மா!” என்று அம்மாள் முதுகில் ஓங்கித் தட்டினார்.

வழியில் ஆப்பிள் தோட்டத்துக் கடையில் சுடச்சுட டோனட்டும் சைடர் பானமும் வாங்கிக் கொடுத்தாள்.

“இதுவும் சேர்த்துத்தானா?” என்றார் அம்மாள் ஆச்சரியமாக.

“என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? எல்லாம் நம்ம பொறுப்பு!”

அம்மாள் மறுபடியும் நோட்டில் எழுதினார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.

மூடிக் கிடந்த பாலத்துக்குப் பதில் ஒன்று வேண்டுமே. ராயலே வழி சொன்னார். ஆடுகள் வாய்க்கால் தாண்டுவதற்காக அவர் தன் பண்ணையில் ஒரு கூரைப் பாலம் கட்டியிருந்தார். உயரம் மூன்றடி.

“குனிஞ்சா போயிடலாம்,” என்றார்.

குனிந்தால் போதவில்லை, தவழ வேண்டியிருந்தது. முன்னால் வெர்னா, பின்னால் அம்மாள், நடுவில் வழிவிட மறுத்த ஆடு ஒன்று. மறுபக்கம் வெளியே வந்தபோது அம்மாளின் தொப்பி ஆட்டின் வாயில் இருந்தது. வெர்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால், அம்மாள் புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து எஞ்சினும் உயிர் பெற்றது. கையசைத்து ராயலுக்கு விடை சொல்லிவிட்டு, ஆறாவதைச் சொந்தக் காலில் தாண்டினார்கள். ஏழாவது பாலத்துக்குள் நுழைந்து வெளியே வந்தபோது சாயங்கால வெயில் ஆற்றில் பொன்னாகக் கிடந்தது. வெர்னா வண்டியை ஓரம் கட்டினாள்.

“ஏழு,” என்றாள்.

அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பென்சில்வேனியாக்காரி உங்க கால் தூசிக்கு வரமாட்டாம்மா. என் வாழ்க்கையிலேயே நல்ல நாள் இது.”

வெர்னாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கிரெட்டா சொன்ன கட்டளையெல்லாம் காற்றில் பறந்தது. காலுறைக் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்போ, கல்யாணத்தை ஜூன் மாசமே வெச்சுக்கலாமா, சம்பந்தியம்மா?”

அம்மாள் புருவத்தை உயர்த்தினார். அவர் வாயைத் திறப்பதற்குள் சுற்றுலா வேன் ஒன்று அவர்களை உரசுகிற மாதிரி வந்து நின்றது. அதிலிருந்து குதித்த டிரைவர் கையில் பயணிகள் பட்டியலோடு அம்மாளிடம் ஓடிவந்தான்.

“மிஸஸ் பிராட்டில், கடைசியில நீங்க இங்கதான் இருக்கீங்களா? உங்க சீட்டுல காலையில தப்பா ஏறின பாஸ்டன்காரம்மா ஒருத்தங்க, ஒவ்வொரு பாலத்துலயும் இறங்கி ‘என் சம்பந்தி எங்கேடா’ன்னு என் உயிரை வாங்கிட்டாங்க!”