காலி பண்ணாத மனுஷன்

கைவண்டியிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்து முதுகை நிமிர்த்திய பிறகுதான் ஜடையன் கவனித்தான். பூட்டிக் கிடக்க வேண்டிய வீட்டின் ஜன்னலில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, உள்ள ஆரோ இருக்கறாங்களாட்ட இருக்குதுங்க," என்றாள் வள்ளியாத்தாள்.

"ஆரு இருப்பாங்க? துண்ட மறந்துட்டுப் போயிருப்பாங்க."

துண்டுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து, மார்க்கெட்டை ஒட்டிய ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் போடும் வேலையில் சேர்ந்தவன் ஜடையன். "தனி வூடு, தனி அடுக்களை, வாசல்லயே கொழாய்" என்று மாமனாரிடம் வாய்கூசாமல் அளந்துதான் மனைவியை அழைத்து வந்தான். அவன் சம்பளத்துக்குக் கிடைத்ததோ தேவராஜ மொஹல்லாவில் லிங்கம்மாவின் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஒற்றை ரூம். மாடு பெருமூச்சு விட்டால் இவர்கள் விளக்கு ஆடும்.

மாமனார் கரியப்பன் விளையாட்டுக்குப் பேசுகிறவர் இல்லை. "ஆடிப் பதினெட்டுக்குச் சீர் கொண்டாறேன். மாப்ள சொன்னாப்ல வூடு இல்லீன்னா, புள்ளயக் கையோட கூட்டிக்கிட்டு வந்துருவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். வள்ளியாத்தாள் இல்லாத மைசூரை ஜடையனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதை அவளிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

லஷ்கர் மொஹல்லாவில் குழாயோடு கூடிய இந்த வீட்டைத் தரகர் பசவராஜ் ஆனியிலேயே பேசி முடித்துவிட்டார்; ஜடையனும் அந்த விலாசத்தையே மாமனாருக்கு எழுதிப் போட்டுவிட்டான். ஆனால் லிங்கம்மா குறுக்கே நின்றாள்.

"ஆஷாடத்தில யாராவது வீடு மாறுவாங்களா? ஆகாதப்பா, இரு!"

கன்னடத்தாருக்கு ஆடி மாதிரியான ஆஷாடம் முந்திக்கொண்டு வந்தது. அது முடிந்த அன்றே லிங்கம்மா வந்து, "இனிமே காலி பண்ணு. வேற ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்," என்றாள். அதற்குள் தமிழ் ஆடி பாதியில் நின்றது. இப்போது வள்ளியாத்தாள் குறுக்கே நின்றாள்.

"ஆடியில பால் காச்சறதாவது! பதினெட்டாம் பெருக்கு ஒண்ணுதான் நல்ல நாளுங்க."

"அய்யோ சிவனே! எங்க மாசம் போனா உங்க மாசம் வருதா?" என்று லிங்கம்மா தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

வேடிக்கை என்னவென்றால், லஷ்கர் மொஹல்லா வீட்டில் ஏற்கெனவே குடியிருந்த எலியேசரும் அதே பாட்டைப் பாடினார். ஆடி முடியட்டும் என்கிறார் என்று தரகர் வந்து சொன்னபோது ஜடையனுக்கு விளங்கவில்லை.

"ஏசுசாமியக் கும்புடறவருக்கு ஏதுங்க ஆடி?"

"எனக்கென்ன தெரியும் ஸ்வாமி? பதினெட்டுக்குள்ள பிடிச்சுத் தள்ளியாவது காலி பண்ண வெச்சுடறேன். பயப்படாதீங்க."

அதை நம்பித்தான் ஆடிப் பதினெட்டான இன்று காலை, லிங்கம்மா வாடிக்கைக்குப் பால் ஊற்றப் போன நேரம் பார்த்து, சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டான். ரூமைப் பூட்டிச் சாவியை எப்போதும்போல இடுப்பில் செருகிக்கொண்டான்.

"சாவியக் குடுத்துட்டுச் சொல்லிக்கிட்டே போலாமில்லீங்க?" என்று வள்ளியாத்தாள் கேட்டாள்.

"புது வூட்டுல கால் ஊனுன பொறகு குடுத்துக்கலாம். நடுத்தெருவுல நிக்க வேண்டி வந்துட்டா? எதுக்கும் இருக்கட்டும்."

தன் முன்யோசனையில் அவனுக்கு அப்போது ரொம்பப் பெருமை.

இப்போது அந்தச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கதவைத் தட்டினான். ஜன்னலில் ஒரு நரைத்த தலை தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்ற எலியேசர்தான்.

"நாங்க இந்த வூட்டுக்குக் குடி வந்திருக்கறோமுங்க."

"தெரியும்பா. நானும் சாமானெல்லாம் கட்டித்தான் வெச்சிருக்கேன். ஆனா இன்னைக்கு முடியாது. போ போன்னா நான் எங்கே போவேன்?"

ஜன்னல் சாத்திக்கொண்டது. ஏன் என்று கேட்க வேண்டுமென்று ஜடையனுக்குத் தோன்றவில்லை. கோபம் வந்தால் மனிதனுக்குக் கேள்வி வருவதில்லை.

வண்டிக்காரன் கூலியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினான். வள்ளியாத்தாள் வெயிலைப் பார்த்தாள். "நல்ல நேரம் போயிருமுங்க. அப்பாவும் வந்துருவாரு."

"கொழாயடியில மூணு கல்லு வெச்சுக் காச்சு. வாசலும் வூட்டுல சேர்ந்ததுதான்."

விறகு ஈரம். புகை நேராக ஜன்னல் இடுக்கைத் தேடிப் போயிற்று. உள்ளே இருமல் வலுத்தது. கதவைத் திறந்துகொண்டு எலியேசர் கண்ணீரும் கம்பலையுமாக வெளியே ஓடி வந்தார். திறந்த கதவைக் கண்ட ஜடையன் விடுவானா? அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். அவர் பின்னாலேயே வந்து பானையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்புள்ள, வாசல்ல பால் காச்சறே?"

வெளியே கேட்ட குரலில் ஜடையனுக்கு உயிரே போய்விட்டது. கரியை எரித்து ஓடி, தினமும் தாமதமாக வரும் கொள்ளேகாலம் பஸ், இன்று பார்த்து நேரத்துக்கு வந்து தொலைத்திருந்தது. தலைப்பாகையெல்லாம் கரியாக, தோளில் சீர்மூட்டையோடு கரியப்பன் நின்றார்.

"காத்தாட இருக்கட்டும்னுதானுங்க மாமா. வாங்க, வாங்க!"

கரியப்பன் குழாயைத் திருகிப் பார்த்தார். தண்ணீர் வந்தது. முகம் மலர்ந்து உள்ளே வந்தவர், பானையைப் பிடித்திருந்த கிழவரைக் கண்டு நின்றார்.

"இவரு ஆருங்க மாப்ள?"

"நம்ம வூட்டுல... தங்கியிருக்கறாருங்க மாமா. பாவம், வயசானவரு."

"நல்ல காரியம் பண்ணுனீங்க. வயசானவங்களுக்கு எடங்குடுக்கறது புண்ணியம்." எலியேசருடைய கட்டிலிலேயே கரியப்பன் சௌகரியமாக உட்கார்ந்தார். "ஏனுங்க நிக்கறீங்க? கூச்சப்படாம உக்காருங்க. நம்ம வூடுதான்."

எலியேசர் பானையை விட்டார். "ஐயா, இது நான் குடியிருக்கிற வீடு. வாடகை நான்தான் கொடுக்கறேன். இந்தத் தம்பியை இன்னைக்குத்தான் பார்க்கறேன்!"

வெளியே பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அந்த நல்ல சகுனத்தைப் பார்க்கத்தான் அங்கே ஆளில்லை.

கரியப்பன் மெதுவாக எழுந்தார். மாப்பிள்ளையைப் பார்க்கக்கூட இல்லை. "வள்ளி, துணியெடுத்துக் கட்டு. சாயங்கால பஸ்ஸுக்குப் போலாம்."

வாசற்படியில் வந்து நின்ற வள்ளியாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் வருலீங்கப்பா. அவரு எங்கயோ அங்கதான் நானு. வூடு பேசுனது நெசமுங்க. இந்தப் பெரியவருதான் காலி பண்ண மாட்டேங்கறாரு."

அதைக் கேட்டதும் ஜடையனுக்கு வாய் திறந்துகொண்டது. "ஆமாங்க மாமா! அடுத்தவன் குடித்தனம் தெருவுல நிக்குதேன்னு கொஞ்சமாச்சும் ஈரமிருந்தா இப்பிடி உக்காந்திருப்பாங்களா?"

கரியப்பன் எலியேசர் பக்கம் திரும்பித் துண்டை உதறினார். "ஏனுங்க பெரியவரே, இது நாயமா?"

"என்னை ஏன் கேட்கறீங்க?" எலியேசர் கட்டி வைத்த சாமான்களைக் காட்டினார். "சம்சாரம் போயிட்டா. ஒண்டிக்கட்டைக்கு ஒரு ரூம் போதும்னு பார்த்துப் பேசி வெச்சிருக்கேன். அதிலே இருக்கிறவன் எழுந்திருக்க மாட்டேங்கறான். அவன் எழுந்தா அடுத்த நிமிஷம் நான் எழுந்திருப்பேன்."

கரியப்பனின் கோபம் ஒரு நொடி தடுமாறி, புது இடத்தில் போய் உட்கார்ந்தது. "அப்பிடியொருத்தனா! அவன் ஒருத்தனால ரெண்டு குடும்பம் சீரழியுது. இவருமேல என்ன தப்பு? வாங்க பெரியவரே, இப்பவே போய் அவன் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளறேன். மாப்ள, வாங்க!"

மாமனார் மறுபடி "மாப்ள" என்று வாய் நிறையக் கூப்பிட்டதில் ஜடையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேட்டியை மடித்துக் கட்டினான். "இவனுகளையெல்லாம் சும்மா வுடக்கூடாதுங்க மாமா! ரூமு எங்கீங்க இருக்குது?"

எலியேசர் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"தேவராஜ மொஹல்லாவிலே லிங்கம்மா வீட்டு மாட்டுக் கொட்டகையை ஒட்டின ரூம்பா, பொண்டாட்டியோட அதிலே இருக்கிற ஹனூர்க்காரன் ஒருத்தன், முதல்ல ஆஷாடம்னானாம், அப்புறம் ஆடின்னானாம், எப்பப் பார்த்தாலும் சாவியை இடுப்பிலே செருகிக்கிட்டே திரியறானாம்!"