துணைக்கு ஒருவர் மட்டும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா அவர்களுக்கு, உடன்பிறந்த தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தம்பி மனைவியும் நலம். நலம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் எழுதியிருக்கிறேன். மேலே படித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். தங்கள் நலத்தைத் தங்கள் மருமகளிடம் விடாமல் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தாங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. நேரில் வந்தாலோ அறைக் கதவு சாத்தியிருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்து, மருமகள் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, கதவைப் பார்த்து "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்புவதே என் வழக்கமாகிவிட்டது. அத்தான் தவறிப் போனதிலிருந்து ஆளாளுக்குத் தங்களுக்குப் புத்தி சொல்லித் தீர்த்துவிட்டார்கள். நானும் கதவுக்கு வெளியே நின்று என் பங்குக்குச் சொன்னேன். பயப்பட வேண்டாம், இந்தக் கடிதத்தில் புத்திமதி ஒரு வரிகூடக் கிடையாது. இது முழுக்க முழுக்க நான் அவமானப்பட்ட கதை. கதவுக்கு அடியில் தள்ளிவிடும்படி மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரிக்கவும், வராவிட்டால் மடித்து விசிறிக்கொள்ளவும்.

நான் பேருந்தில் செக்கராக இருந்து ஓய்வு பெற்றது தாங்கள் அறிந்ததே. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள், டிக்கெட் சோதித்த கையும் அப்படித்தான் போலிருக்கிறது. வீட்டையே பேருந்தாக்கிவிட்டேன். குளியலறையிலிருந்து வருகிறவர்கள் விளக்கை அணைத்தார்களா என்று வாசலிலேயே நின்று பார்த்தேன், சமையலறையில் எண்ணெய் எவ்வளவு ஊற்றப்படுகிறது என்று எட்டிப் பார்த்தேன், பால் கொண்டுவருகிறவரை எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு மத்தியானம், உட்கார்ந்தபடியே கண் அயர்ந்திருந்த தங்கள் தம்பி மனைவியைத் தோளில் தட்டி எழுப்பிவிட்டு, எதற்காக எழுப்பினேன் என்று எனக்கே தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். மறுநாளே பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குத் தொண்டர்கள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து என் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிப் பக்கமே வராத மக்களிடம் நாமே போய்ப் பேசி அழைத்துவர வேண்டுமாம். எனக்கு என்னம்மா தெரியும் என்றேன். பஸ்ஸிலிருந்து இத்தனை பேரை இறக்கிவிட்டிருக்கிறீர்களே, கொஞ்சப் பேரை ஏற்றிவிடுங்கள் என்றாள். தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது அக்கா, இனி வழக்கம்போல் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேடத்துக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அவள் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று. யாரிடமும் போய் உனக்கு மனநோய் உண்டா என்று கேட்காதீர்கள், உங்கள் கஷ்டத்தை முதலில் நீங்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருப்பவர் மெல்லத் தன்னுடையதைச் சொல்வார் என்றாள். சொல்வதற்கு எனக்கு என்ன கஷ்டம் இருக்கிறது, பென்ஷன் வருகிறது, பல் எல்லாம் இருக்கிறது என்றேன். யோசித்துப் பாருங்கள் சார் என்று மட்டும் சொன்னாள்.

என்னை அனுப்பிய இடம் குப்பைக் கிடங்குக்குப் பின்னால், குப்பை பிரிக்கிறவர்கள் வசிக்கும் குடிசைகள். தோளில் தொங்கும் பையும் காக்கிக் கால்சட்டையுமாக நான் நுழைந்ததும் ஒரு கதவு விடாமல் எல்லாம் சாத்திக்கொண்டன. வீட்டை இடிக்க ஆள் வந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள். நான் வேறு பழக்க தோஷத்தில் "யாரும் எறங்காதீங்க" என்று கத்தித் தொலைத்தேன். கடைசியில், பாட்டில் பிரிக்கிறதால் பாட்டில் அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் ஓர் அம்மாள் வெளியே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "அட, இவரு நம்ம செக்கரு" என்றாள். உடனே கதவுகள் திறந்தன. திறந்தவர்களில் பாதிப் பேர் என்னைக் கண்டதும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்கள். எனக்கு ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள்.

அந்தப் பெட்டி போடப்பட்ட இடம், பூட்டாமல் ஆனால் சாத்தியே கிடந்த ஒரு கதவுக்கு முன்னால். உள்ளே பழைய இரும்பு வாங்குகிறவரின் மனைவி இருந்தாள். கைக்குழந்தையைக் காய்ச்சலில் பறிகொடுத்ததிலிருந்து அவள் வெளியே வருவதில்லை, தலை வாருவதில்லை, கொடுத்தால் சாப்பிடுவாள், கேட்டால் பேசமாட்டாள். இரும்புக்காரர் ஒரு முறை அவளை இதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வாசலில் இருந்த செக்யூரிட்டி இவர்கள் துணியைப் பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, முதலில் குளித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டான். குளித்துவிட்டுத்தான் போனார்கள் அக்கா, அதுதான் கொடுமை. அன்றைக்குத்தான் அவள் கடைசியாக வெளியே வந்தது. அதன் பிறகு அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை என்று அங்கே எல்லோரும் ஒரே முடிவாக இருந்தார்கள். அந்தப் பெண்ணை எப்படியாவது டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிட வேண்டும் என்று நான் மனசுக்குள் சபதம் எடுத்தேன். எனக்கு மாலை போட்டுக் கூட்டத்தில் பாராட்டுவது வரைக்கும் கற்பனை ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே பாடத்தில் சொன்னபடி என் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் வாரம் தூக்கம் வருவதில்லை என்றேன். அவர்கள் டீ கொடுத்தார்கள். யாரும் தங்களுடையதைச் சொல்லவில்லை. சரி, போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டினேன்: விடிவதற்கு முன்னே எழுந்து யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, போக இடமில்லை என்று நினைவு வந்து கழற்றி வைக்கிறேன் என்றேன். டீயோடு பிஸ்கட்டும் வந்தது. அதற்கடுத்த வாரம், குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குள் நின்று காரணமே இல்லாமல் அழுவேன் என்றேன். சுற்றி இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரிடம் காட்டினீர்களா என்று பாட்டில் அக்கா கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றேன். பிரமாதம், இதோ இப்போது ஒருவர் எனக்கும்தான் என்று வாயைத் திறக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். பாட்டில் அக்கா "பாவம்யா மனுசன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த முறை நான் போனபோது அந்த ஜனமே தலையை வாரி, துவைத்த துணி உடுத்தி, பாதையில் நின்றுகொண்டிருந்தது. ஏதோ விசேஷம் என்று நினைத்தேன். விசேஷம் நான்தான். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி நிற்கிறார்கள். நான் நோயாளி இல்லை, நோயாளி தேடி வந்தவன் என்று சொன்னேன். "எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்றாள் பாட்டில் அக்கா. இந்த வாக்கியம் எங்கள் பயிற்சியிலேயே வருகிறது அக்கா. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று தலையில் கை வைத்துக்கொண்டபோதுதான், என் சட்டைக் கையை யாரோ பிடித்தார்கள். திரும்பினால் இரும்புக்காரரின் மனைவி. வாரம் தவறாமல் அவள் கதவுக்கு முன்னால் பெட்டி போட்டு நான் புலம்பியதை எல்லாம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அண்ணன் தனியா போகப் பயம்னு சொன்னாரே," என்றாள். "நான் புடிச்சுக்கிறேன்."

இரும்புக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அதற்கு மேல் நான் எதற்கு வாயைத் திறக்கப் போகிறேன், சாதுவாக நடந்தேன்.

பஸ்ஸில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. டிக்கெட்டை நான் எடுப்பேன் என்று அவர்களும், நோயாளிக்கு அவர்கள் எடுப்பார்கள் என்று நானும் இருந்துவிட, நடுவழியில் செக்கர் ஏறினான். ஏறியவன் யார் என்கிறாய்? நான் தொழில் கற்றுக்கொடுத்த பையன். டிக்கெட் இல்லாதவனை முகத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம், ஜன்னல் வழியாகப் பார்ப்பான் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவர்களுக்கான பாஸ் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் "சார், நீங்களா" என்றான். பாட்டில் அக்கா குறுக்கே வந்து, அவருக்கு மனசு சரியில்லை, அவரை ஒன்றும் கேட்காதே, டாக்டரிடம்தான் கொண்டுபோகிறோம் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லி, எல்லோருக்கும் அவளே டிக்கெட் எடுத்தாள். இறங்கும்போது அந்தப் பையன் என் தோளைத் தட்டி, பார்த்துக்கங்க சார் என்றான். இந்நேரம் டிப்போ முழுவதும் என் புகழ் பரவியிருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் அதே செக்யூரிட்டி. கையை நீட்டி மறித்து, யார் நோயாளி என்றான். அத்தனை விரலும் என்னைக் காட்டின. என் பையில் ஆஸ்பத்திரித் தொண்டர் என்று படம் போட்ட அட்டை இருந்தது அக்கா. அதை எடுத்துக் காட்டினால் என் மானம் பிழைக்கும், ஆனால் துணைக்கு வந்தவர்கள் நோயாளி இல்லாத துணையாகி வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். சட்டைக் கையைப் பிடித்திருந்தவள் அவனைக் கண்டதும் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டாள். அட்டையைப் பையின் அடிக்குத் தள்ளினேன். "நான்தான் நோயாளி" என்றேன். துணைக்கு ஒருவர் மட்டும்தான் அனுமதி என்று பலகையைக் காட்டினான். அப்போதுதான் பல வருஷமாகப் பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்ட என் குரல் எங்கிருந்தோ திரும்பி வந்தது. "இவங்க என் தங்கச்சி, என்கூட உள்ள வராங்க. மத்தவங்க வராந்தாவுல உக்காருவாங்க. ஒருத்தரையும் நீ வெளியே அனுப்பப்படாது" என்றேன். தன்னையறியாமல் அவன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு வழி விட்டான்.

வராந்தாவில் எதிரே வந்த மேடம், தன் தொண்டர் நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாயைத் திறந்தாள். நான் கண்ணைச் சிமிட்டினேன். கெட்டிக்காரப் பெண், வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். டாக்டர், சொல்லுங்கள் என்றார். குடிசையில் சொல்லிச் சொல்லிப் பழகிய பாடம்தானே, தூக்கம், யூனிஃபார்ம், குழாய் என்று வரிசையாக ஒப்பித்தேன். குழாய் வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் கண்ணீர்தான் வந்தது. மேசை மேலிருந்த துணியை எடுத்து மூக்கைச் சிந்தினேன், அது டாக்டர் கண்ணாடி துடைக்கும் துணியாம். பக்கத்தில் இருந்தவள் என் முதுகைத் தடவினாள். "அழுங்கண்ணே," என்றாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "எனக்கும் இப்படித்தான் இருக்கு. நான் குழாயக்கூடத் தொறக்கறதில்ல" என்றாள். டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். நான் மெல்ல எழுந்து வெளியே வந்து, பாட்டில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே அவள் குழந்தையின் பெயரைச் சொல்லி அழுவது கேட்டது. இரும்புக்காரர் சுவரில் சாய்ந்து நின்று, அவள் பேசுறா, பேசுறா என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவளுக்கென்று ஒரு கிழமை இருக்கிறது, புருஷனோடு போய்வருகிறாள். போன வாரம் வாசலில் உட்கார்ந்து தலை வாரினாளாம். பாட்டில் அக்காவும் முட்டிவலி என்று சொல்லிக்கொண்டு போய், டாக்டரிடம் வேறென்னவோ பேசிவிட்டு வந்தாள். மேடம் கூட்டத்தில் என்னைப் பாராட்டினாள், மாலை எல்லாம் இல்லை, கைதட்டல்தான். கேடு என்னவென்றால், குடிசைக்கு எப்போது போனாலும் மாத்திரை போட்டீங்களா என்று ஆளுக்கொரு முறை கேட்கிறார்கள். நான் அழுததெல்லாம் வேலைக்காகச் செய்த நடிப்பு என்று நீயாவது நம்பு. எனக்கு ஒரு குறையும் இல்லை. படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் தம்பி மனைவி உன்னை நமஸ்கரிக்கிறாள். நீ என்னைவிட மூத்தவள் என்பதால் உன் ஆசியைக் கதவுக்கு உள்ளேயிருந்தே அனுப்பினாலும் எனக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
என்றும் உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: நடிப்பு இல்லை அக்கா. டாக்டர் வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். உன் தம்பி மனைவியைக் கூட்டிப் போனால் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொல்லிவிடுவாள். எனக்குத் தனியாகப் போக நிஜமாகவே பயமாக இருக்கிறது. முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும் நீதான் கூட வந்தாய். நீ ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். துணைக்கு ஒருவர் மட்டும்தான் அனுமதி, அதனால் வேறு யாரிடமும் கேட்கவில்லை. வியாழன் காலையில் வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ வரும்வரைக்கும் டீ குடித்துக்கொண்டிருப்பேன். டிக்கெட் இந்த முறை நானே எடுத்துவிடுகிறேன்.