பிர்னோவுக்கு வருகிறவர்களுக்கு லூபோர் தெரிவிப்பது யாதெனில்

வழி தெரியாமல் தொலைந்தவர்கள் உலகத்தில் குறைவு. வழி கேட்டுத் தொலைந்தவர்கள்தான் அதிகம். ‘வழிசொல்லி’ என்று ஓர் இனம் இருக்கிறது. எல்லா ஊரிலும் வளரும், எந்தக் குளிரையும் தாங்கும். தபால் நிலையம் எங்கே என்று ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். கையை நீட்டிக் காட்டினால் அவர் சாதாரண மனிதர். நீட்டிய கையால் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “எந்தத் தபால் நிலையம்? பழசா, புதுசா? அவசரமா, இல்ல சும்மாவா?” என்று ஆரம்பித்தால், முடிந்தது. அன்றைக்கு உங்கள் தபால் போகாது.

எங்கள் பிர்னோவில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி லூபோர். பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் அலுவலகத்தில் வேலை. பாசியை ஆராய்கிறவர்களின் மாநாடு எங்கள் ஊரில் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும், வெளிநாட்டு விருந்தாளிகளுக்குப் பயணக்குறிப்பு எழுதும் பொறுப்பை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. கொடுப்பதற்குள் எழுதி முடித்துவிட்டார்.

அதில் என்னதான் இல்லை? டிக்கெட் பரிசோதகர் சாதாரண உடையில் வருவார், ஓய்வுபெற்ற கணித வாத்தியார் மாதிரி இருப்பார், ஆனால் அப்படி இருக்கிற எல்லாரும் பரிசோதகர் அல்ல, நிஜமான கணித வாத்தியாரிடம் டிக்கெட்டை நீட்டிவிடாதீர்கள். லிஃப்டில் ஏறும்போது உள்ளே இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லுங்கள், இறங்கும்போது விடைபெறுங்கள், நடுவில் மட்டும் ஒன்றும் பேசிவிடாதீர்கள். மதுக்கடையில் தண்ணீர் கேட்டால் பீரைவிடக் கூட ஆகும், கூடவே ஒரு பார்வையும் கிடைக்கும். நாய்க்கும் டிராமில் டிக்கெட் உண்டு. பாசி ஆராய வருகிறவர் எதற்கு நாயோடு வருகிறார்? தெரியாது. வந்துவிட்டால்?

படித்துப் பார்க்கக் கொடுத்தது அபோலேனாவிடம். ஆராய்ச்சியை அப்போதுதான் முடித்திருந்த உள்ளூர்ப் பெண்.

“சார், ஸ்டேஷன்ல டிராம் ஏறி மூணாவது ஸ்டாப்புல இறங்கணும். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதானேவா? வலது பக்கமா இறங்கணும்மா!”

“நம்ம டிராமுக்குக் கதவே ஒரு பக்கம்தான் சார்.”

“அது உனக்குத் தெரியும். ஜப்பான்காரருக்கு யாரு சொல்றது? உள்ளூர்க்காரனுக்குப் பழகிப்போனதுதான் வெளியூர்க்காரனைக் கவுத்துவிடும். அதை எழுதுறவன்தான் எழுத்தாளன்.”

அபோலேனா சிரித்தாலும் அவள் கவலை வேறு. மாநாட்டின் முதல் நாள், பதினொரு மணி வாக்கில், அவள் முதல்முறையாக மேடையேறப் போகிறாள். டிராம் தண்டவாளங்களுக்கு நடுவில் வளரும் பாசியைப் பற்றிப் பேச்சு. கோபன்ஹேகனிலிருந்து பேராசிரியர் டோர்கில்ட் வருகிறார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம் காலி. அவர் கேட்டுப் பிடித்துப்போனால் அவளுக்குப் பாசியோடு வாழ்க்கை. இல்லாவிட்டால் மாமாவின் டயர் கடையில் ரசீது போடும் வாழ்க்கை.

அந்த நாளும் வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. சன்னல்கள் திறந்திருந்தன. செல்போன்கள் எல்லாம், குறிப்பில் லூபோர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டபடி, அணைந்திருந்தன. அபோலேனா முதல் படத்தைப் போட்டாள். தொண்டையைச் செருமி, “இது வெறும் பச்சை இல்லை” என்று ஆரம்பித்தாள்.

மேட்டிலிருந்த பெரிய தேவாலயத்தில் மணி அடித்தது. பன்னிரண்டு முறை.

இங்கேதான் விஷயம். எங்கள் ஊரில் பதினொரு மணிக்குப் பன்னிரண்டு அடிக்கும். பல நூற்றாண்டுகளாக அப்படித்தான். பிறந்ததிலிருந்தே எங்களுக்கு அது மூச்சு மாதிரி, யார் கவனிக்கிறார்கள்? மேடையில் இருந்த அபோலேனா கவனிக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த லூபோரும் கவனிக்கவில்லை. அவருடைய குறிப்பிலோ இப்படி ஒரு வரி, கொட்டை எழுத்தில்: ‘பன்னிரண்டு அடித்ததும் சாப்பாட்டுக்குத் தயங்காமல் எழுந்துவிடுங்கள், பிந்தினால் பாலேட்டுக் குழம்பில் மிதக்கும் மாட்டிறைச்சி தீர்ந்துபோய் மாவுருண்டைதான் மிஞ்சும்.’

தயங்காமல் எழுந்துவிட்டார்கள். பதினெட்டு நாட்டு விஞ்ஞானிகள்! நாற்காலிகள் கிறீச்சிட்டன. மேடையில் அந்தப் பெண் தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்துச் சிவந்து போனாள்.

லூபோருக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அடித்துப் பிடித்து வெளியே ஓடினார். பூட்டியிருந்த சாப்பாட்டு அறை வாசலில் பாசி உலகமே வரிசையில் நின்றது.

“திரும்பி வாங்க! இன்னும் பன்னெண்டு ஆகல!”

“இப்பத்தானே அடிச்சுது?” என்றார் ஒரு ஸ்பெயின்காரர். “உங்க குறிப்புல போட்டிருக்கே.”

‘தப்பு என்னுடையது, மணி பதினொன்றுதான்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ஆனால் வழிசொல்லியால் ஒரு வரியில் சொல்ல முடியுமா? லூபோர் மூச்சை இழுத்துக்கொண்டார். “முன்னூறு, நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஸ்வீடன்காரன் எங்க ஊரை முற்றுகை போட்டான். மத்தியானத்துக்குள்ள ஊர் விழலேன்னா கிளம்பிடறேன்னு அவங்க தளபதி சபதம் போட்டானாம். எங்க ஆளுங்க ஒரு மணி நேரம் முந்தியே மத்தியான மணியை அடிச்சுட்டாங்க...”

“நான் ஸ்வீடன்” என்றார் வரிசையில் நின்ற ஓர் அம்மா. “எங்களை ஏமாத்தினதைத் தினமும் மணியடிச்சுக் கொண்டாடுறீங்களா?”

“ஐயோ, அப்படி இல்லம்மா, அந்தத் தளபதி இருக்கானே...”

தளபதியின் குதிரைவரைக்கும் அவர் விவரித்து முடிப்பதற்குள் நிஜமாகவே பன்னிரண்டு ஆகி, சாப்பாட்டு அறைக் கதவு திறந்துவிட்டது.

லூபோர் அரங்கத்துக்கு எப்படி நடந்து வந்தார் என்று கேட்காதீர்கள். சொல்லவேண்டிய மன்னிப்பை மனசுக்குள் ஏழு பத்தி எழுதியிருந்தார். கதவைத் திறந்தால், திரைக்குப் பக்கத்தில் அபோலேனாவும் நெட்டையான ஒரு மனிதரும் படத்தில் மூக்கு உரசும்படி குனிந்து நின்றுகொண்டு, தண்டவாளப் பாசியைப் பற்றிக் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டோர்கில்ட்!

“ஐயா, நீங்க... எழுந்து போகலையா?”

“எங்க போகணும்?”

“பன்னெண்டு அடிச்சா... என் குறிப்புல...”

“ஓ, அதுவா!” டோர்கில்ட் முகம் மலர்ந்தது. “அதை எழுதினது நீங்களா? மொதப் பக்கத்துலயே தூங்கிட்டேன். வழியெல்லாம் மழை, மிச்சத்தைச் சுருட்டி ஷூவுக்குள்ள வச்சேன். அருமையா உறிஞ்சுது. நல்ல தாள்.”

ஒரு மனிதனுக்கு ஒரே வாயில் இனிப்பும் வேப்பெண்ணெயும் ஊட்டினால் முகம் எப்படிப் போகுமோ, அப்படிப் போனது லூபோரின் முகம்.

“சார்!” அபோலேனா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “அக்டோபர்ல கோபன்ஹேகன் வரச் சொல்லிட்டாரு!”

லூபோர் மூக்கை உறிஞ்சினார். கைக்குட்டையைத் தேடினார். பிறகு, “கோபன்ஹேகனா? ஸ்டேஷனை விட்டு வெளிய வந்ததும், இடது பக்கம் சைக்கிள் வரும். பாத்து...” என்றார்.

“நீங்க அங்க போயிருக்கீங்களா சார்?”

“இல்ல.”

“பின்ன?”

“தனியாப் போற புள்ள. யாராவது சொல்லணும்ல?”

அந்தப் பெண் அவரை நிறுத்தவில்லை. அந்த ஊர்க்காரரான டோர்கில்டே பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, அவள் கடைசிவரை கேட்டாள்.

சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள். இன்று உங்கள் வீட்டுக்கு ஒருவர் வருவதாக இருக்கிறது. எந்தப் பஸ், எந்த நிறுத்தம், எந்த மருந்துக்கடைக்கு எதிர்ச் சந்து, சந்தில் எந்த நாய் கடிக்காது, படியில் எங்கே தலை இடிக்கும் என்று போனில் அரை மணி நேரம் சொல்லிவிட்டு, நிம்மதியாக உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாம் சரி. உங்கள் வீட்டுக் காலிங்பெல் வேலை செய்யாது என்பதைச் சொன்னீர்களா?

எழுந்து போய்க் கதவைத் திறந்து பாருங்கள்.