கடைசித் திரிபு

ஒலிநாடாவில் மகள் மறுபடியும் கிழவனாகிவிட்டாள்.

"அம்...மா... நா...ன் சுக...மாய்..."

லண்டனிலிருந்து எட்டு மாதம் அலைந்து வந்து சேர்ந்த குரல் அது. தியாகராசா மாஸ்டர் தன் கையாலேயே கட்டிய அம்பிளிபயர் அதைக் குதறுவதைக் கேட்டு, மனைவி பாலேஸ்வரி நேற்றே சொல்லிவிட்டாள்: "பிள்ளையின்ரை குரல் நேராய்க் கேட்டபிறகுதான் இனி உங்களோடை கதைப்பன்."



யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்று மூன்று வருடம். வீட்டின் பின்னால், கோடிப்புறத்தில் நிறுத்தி வைத்த சைக்கிளைப் பாலேஸ்வரி மிதிப்பாள்; டைனமோ வயர் யன்னல் வழியே உள்ளே வரும்.

ஒரு மின்சுற்றைக் கட்டாமலே கம்பியூட்டரில் ஓட்டிப் பார்ப்பதை மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒருமுறை கண்டிருந்தார். இங்கே கம்பியூட்டரும் அவர்தான். கொப்பியில் அம்பிளிபயரை வரைந்தார். புள்ளி புள்ளியாய் மின்னழுத்தத்தைக் கணித்து, குரலின் திரிபு எங்கே பிறக்கிறதென்று தேடினார்.

கொப்பி முதலில் கண்டென்சரைக் காட்டியது. பெரிதாய் ஒன்று மாற்றினார். இரைச்சல் போனது, கிழவன் இருமத் தொடங்கினான்.

அடுத்து டிரான்சிஸ்டர். அதையும் திருத்தினார். இருமல் போனது, இரண்டு கிழவர்கள் கதைத்தார்கள்.

மிஞ்சியது ஒன்றுதான்: மிதிக்கிற கால். கால் களைத்தால் வேகம் தளும்பும், குரல் உடையும். களைக்காத கால் என்று வைத்து விடியவிடியக் கணித்தார். பென்சில் அலை பிசிறில்லாமல் வளைந்து ஓடியது.

"இஞ்சரும்! ஒரே சீராய் மிதியுமப்பா!"

பாலேஸ்வரிக்குக் கோபம் இன்னும் ஆறவில்லைப்போலும். சங்கிலி மட்டும் ஒரே தாளத்தில் கிறீச்சிட்டது.

மகள் மகளானாள். "அம்மா, நான் சுகமாய் இருக்கிறன். அப்பா நேரத்துக்குச் சாப்பிடுறவரோ?"

மாஸ்டருக்குக் கண் கலங்கியது. நாடாவைத் திருப்பிப் போட்டார். அரை மணி நேரம் ஒரு தளும்பல் இல்லை. வோல்ட்மீற்றர் முள் ஒட்டி வைத்ததுபோல் ஆறில் நின்றது. கொப்பியிலும் ஆறு. கணக்கும் காலும் இவ்வளவு பொருந்தக்கூடாதே?

"காணுமப்பா, கால் நோகப்போகுது! இனி என்னோடை கதையுமன்!"

கிறீச். கிறீச்.

முன் படலை திறந்தது. பக்கத்து வீட்டுக் குணலட்சுமி சத்தம் வைத்தாள்.

"மாஸ்டர், பிள்ளையின்ரை குரல் சந்திவரைக்கும் நேராய்க் கேக்குது! பாலேஸ்வரியக்கா இனி உங்களோடை கதைக்கிறாவாம். ஆனால் முதல் ஒண்டு கேக்கச் சொல்லுறா: விடியவே உங்கடை சைக்கிளிலை நாங்கள் ரெண்டுபேரும் சந்தைக்குப் போயிட்டு இப்பத்தானே வாறம், அப்ப உங்கை ஆர் மிதிக்கிறது?"