இட்லிக் கடை வாசலில் ஒரு படகு

1. காலை ஒன்பதே முக்காலுக்கு, கடலில் படகு நின்றுவிட்டதாக ஓர் அவசர அழைப்பு வந்தது.
2. அழைத்தவர் ஓர் இட்லிக் கடை வாசலில் நிற்பதாக என் திரை காட்டியது.
3. பொய் அழைப்பு என்று அறையில் எல்லோரும் முடிவு செய்தோம்.
4. சந்தேக ஏட்டையா இட்லிக் கடைக்குப் போன் போட்டார்.

நான்காவது ஏன் நடந்தது என்று புரிய, அவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

தூத்துக்குடிக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் அவரைப் போலச் சந்தேகப்படும் ஆள் கிடைக்க மாட்டார். சுவர்க் கடிகாரம் பத்து காட்டினால், ஜன்னலைத் திறந்து வெயிலைப் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டில் பத்து என்று எழுதுவார். காவல் கட்டுப்பாட்டு அறையில் அழைப்புகளை எடுத்து ரோந்து வண்டிகளை அனுப்பும் தலைமைக் காவலர். சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அழைப்பவர் இருக்கும் இடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் மென்பொருளை நிறுவ நான் அங்கே போனேன். முதல் நாள் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; என் ஊரையும், அம்மா டீச்சர் என்பதையும் கேட்டு வாங்கினார். "நாசரேத்தா? பாப்போம்" என்றார். அரை மணி கழித்து நாசரேத்திலிருந்தே ஒரு பெண்மணி, பக்கத்து வீட்டுக்காரர் வேலியைப் பிடுங்குகிறார் என்று அழைத்தார். வண்டியை அனுப்பிவிட்டு ஏட்டையா இணைப்பை விடவில்லை.

"எம்மா, வண்டி வார வரைக்கும் ஒண்ணு கேக்கேன். உங்க ஊர்ல டீச்சர் மக ஒண்ணு கம்ப்யூட்டர் படிச்சிருக்காமே, மெய்யா?"

அந்த அம்மாள் என் பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க் வரை ஒப்பித்துவிட்டார்.

பிறகு குலசேகரன்பட்டினம் தசரா வந்தது. வேண்டுதலுக்காகக் காளி, குறவன், குரங்கு என்று வேடம் கட்டுபவர்களில் போலீஸ் வேடக்காரர்களும் உண்டு. அப்படி ஒருவர் காரை மறிப்பதாக அழைப்பு. ரோந்தில் போன எஸ்.ஐ., "ஆளப் பிடிச்சாச்சு" என்று மைக்கில் சொன்னார்.

"ஐயா, மன்னிக்கணும்," என்றார் ஏட்டையா. "இப்ப பேசுதது பிடிச்சவரா, பிடிபட்டவரா?"

எஸ்.ஐ. தம்மை நிரூபிக்கக் கால் மணி நேரம் ஆனது. மறுநாள் மெமோ வந்தது. அதிலிருந்த கையெழுத்தையும் ஏட்டையா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

இனி அந்தக் காலை. அழைத்தவரின் குரலில் பதற்றமே இல்லை.

"ஆலந்தலைப் படகு அண்ணாச்சி. மூணு பேரு இருக்கோம். எஞ்சின் நின்னுட்டு. துறைமுகத்துக்குக் கப்பல் வார வழியில கெடக்கோம். ஒண்ணு வந்துக்கிட்டு இருக்கு."

என் புள்ளி இட்லிக் கடை வாசலில் அசையாமல் நின்றது.

"பொய், ஏட்டையா," என்றேன்.

பக்கத்து நாற்காலி கான்ஸ்டபிள் செல்வியும் ஆமோதித்தார். "போன வாரம் ஒருத்தன் கப்பல் முங்குதுன்னு அழுதாம்லா. வீட்டுக் குளியலறையில இருந்து."

ஏட்டையா விசாரணையைத் தொடங்கினார். "கப்பல் என்ன நிறம் வே?"

"செவப்பு."

"பேர வாசியும்."

"பேரு தெரியுத தூரத்துக்கு வந்துட்டா, பொறவு நான் எங்க கெடந்து வாசிக்க அண்ணாச்சி?"

ஏட்டையாவின் புருவம் இறங்கியது. நான் பார்க்க அவர் ஒரு மனிதரை நம்பியது அதுதான் முதல் தடவை. ஆனால் அவருடைய சந்தேகம் எங்கேயாவது போய் உட்கார வேண்டுமே. அது என் புள்ளியின் மேல் உட்கார்ந்தது. வரைபடத்திலேயே இருந்த கடை எண்ணை இன்னொரு போனில் அழுத்தினார்.

"அண்ணாச்சி, உங்க கடை வாசல்ல யாரு நிக்கா?"

"ஒரு எருமை நிக்கி. ஏன், அதும்மேல கேசா?"

"போன் பேசுதா?"

"யாரு, எருமையா?"

வைத்துவிட்டார். அடுத்த நொடி துறைமுகக் கட்டுப்பாட்டுக்கும் கடலோரக் காவலுக்கும் தகவல் போனது. கப்பல் வேகத்தைக் குறைத்து விலகியது. இழுவைப் படகு போய்ச் சேர்ந்தபோது, மூவருக்கும் கப்பலின் பெயரை வாசிக்க முடிந்ததாம். மதியத்துக்குள் கரையேறிவிட்டார்கள்.

தவறு என்னுடையது. சோதனையின்போது சில புள்ளிகள் உப்பளப் பாத்திகளுக்கு நடுவே விழுந்தன. ரோந்து வண்டி தண்ணீரில் போகாது. ஆகவே, தண்ணீரில் விழும் புள்ளியைப் பக்கத்துச் சாலைக்கு இழுத்துவிடும்படி ஒரு வரி எழுதியிருந்தேன். நான் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்க்காரி. கடலையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் மேசை முன்னால் போய் நின்றேன். "மென்பொருள்ல ஒரு வரி தப்பா இருந்திருக்கு, ஏட்டையா."

அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். எழுதினது யாரு? எந்தத் தேதி? சாட்சி உண்டா? பதில்களை மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவர் பதிவேட்டை மூடி வைத்தார்.

"மத்தியானம் சாப்ட்டியா பிள்ள?"

அவ்வளவுதான் கேட்டார். இன்று வரை வேறெதுவும் கேட்கவில்லை.

இப்போதைய நிலை: அந்த வரியை நீக்கிவிட்டேன். கடலில் விழும் புள்ளி கடலிலேயே நிற்கிறது. ஆலந்தலைக்காரர்கள் மூவரும் தொழிலுக்குப் போகிறார்கள். ஏட்டையா என் வரைபடத்தை இன்னும் நம்பவில்லை. நம்ப வேண்டாம் என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன்.