புள்ளி போக ஒரு டிரைவர்

"ஸ்கிரீன் கோளாறாக்கூட இருக்கலாம். பாருங்களேன்" என்றார் டாக்டர்.

"இருக்கலாம் என்ன டாக்டர், அதேதான்!" என்றார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்காரர்.

டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் ரவுண்ட்ஸ் போய்விட்டார்.

திரையில் இருந்தது கம்ப்யூட்டர்காரரின் மனைவியுடைய நுரையீரல், போன வாரம் எடுத்த ஸ்கேன். வலது ஓரத்தில் மிளகளவு வெள்ளைப் புள்ளி. படத்தை நகர்த்தினால் புள்ளியும் கூடவே நகர்ந்தது. ஸ்கிரீன் கோளாறு என்றால் அது இருந்த இடத்திலேயே இருந்திருக்க வேண்டும். பதினாறு வருஷ அனுபவஸ்தருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்ததையெல்லாம் வெளியே சொல்லியாக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே. மவுஸைத் தள்ளி வைத்தார்.

"டிஸ்பிளே டிரைவர் சாப்ட்வேர் ரொம்பப் பழசு சிஸ்டர். படத்தை ஒழுங்கா வரையத் தெரியாம எதையோ கிறுக்கி வெச்சிருக்கு."

பக்கத்தில் நின்ற நர்ஸ் குனிந்து திரையைப் பார்த்தாள்.

பழைய டிரைவரைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டார். எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையாகப் பெருத்தது. புள்ளி மிளகிலிருந்து பட்டாணியானது.

"பெருசாயிடுச்சே சார்!"

"வாயைக் கழுவுங்க சிஸ்டர். டிஸ்பிளேக்கு மெமரி பத்தல, அவ்வளவுதான்."

அந்த டிஸ்பிளேவுக்குச் சொந்த மெமரி கிடையாது. மெஷினின் மெமரியில் கொஞ்சம் வாங்கித்தான் அதன் பிழைப்பு ஓடியது. இவர் தாராளப் பிரபுவாகி, எட்டு ஜிபியில் நாலைத் தூக்கி அதற்குக் கொடுத்தார். மீதியை வைத்துக்கொண்டு மெஷின் மூச்சு வாங்கியது. வாசலில் ஆறு பேர் ஸ்கேனுக்கு இருமிக்கொண்டு நின்றார்கள்; அதே மெஷினில் ஒரு பேரைப் பதியக் கால் மணி நேரம் ஆனது. புள்ளி மட்டும் போகவில்லை.

"போதும் சார், விட்டுடுங்க."

"இன்னும் ஒரே ஒரு டிரைவர் இருக்கு சிஸ்டர்."

இணையத்தில் எங்கோ கிடைத்த, ஊர் பேர் தெரியாத டிரைவர். கண்ணை மூடிக்கொண்டு போட்டார். மெஷின் அணைந்து, மறுபடி உயிர் வந்தது. திரை மட்டும் கும்மிருட்டு.

"பாத்தீங்களா, புள்ளி போச்சு!"

"படமே போச்சு சார்."

அவர் கீபோர்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்தே பயமாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் இவ்வளவு நேரம் பிடித்தது.

"சிஸ்டர்... இது அவளுக்குத் தெரியக் கூடாது. தாங்க மாட்டா. கேட்டா, ஸ்கிரீன் கோளாறுன்னே சொல்லிடுங்க."

நர்ஸ் அவர் கையிலிருந்த கீபோர்டை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

"அவங்களுக்குப் போன வாரமே தெரியும் சார். 'அவர் தாங்க மாட்டார், ஸ்கிரீன் கோளாறுன்னு சொல்லி வைங்க'ன்னு டாக்டர்கிட்ட கெஞ்சினதே அவங்கதான்."